எல்லாவற்றுக்கும் ஒரு "ம்"

ஏப்ரல் 24, வியாழன்

பள்ளிக்கூடம் இன்றோடு லீவு. இவர் வேனைக் கழுவிவிட்டு, சீட்டுகளுக்கு அடியில் கிடந்ததையெல்லாம் ஒரு பையில் வாரிக்கொண்டு வந்தார். பென்சில் துண்டுகள், ஒற்றை சாக்ஸ், பாதி கடித்த பிஸ்கட், யாருடையதென்று தெரியாத ஒரு பால் பல். வருடம் முழுக்க ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். இந்த லீவுக்கு முதலாளி வேனையே கொடுத்து, குடும்பத்தோடு எங்கேயாவது போய்விட்டு வா என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு உடனே கடற்கரைதான் தோன்றியிருக்கிறது. அதுவும் ரூம் எடுக்கக் கூடாதாம், மணலில் டென்ட் அடித்துத் தங்க வேண்டுமாம்.

எனக்கு இப்போதே பயம். வாண்டுக்கு ஆறு வயது, ஓரிடத்தில் நிற்க மாட்டாள். பெரியவளுக்குப் பதினைந்து, கூப்பிட்டால் வர மாட்டாள். "பயத்தையெல்லாம் எழுதி வச்சுக்கோம்மா, எங்க உயிர வாங்காத" என்று இந்த டைரியை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். முதல் பக்கத்தில் 'பயந்தாங்கொள்ளியின் சொந்த உபயோகத்துக்கு' என்று எழுதியும் வைத்திருக்கிறாள். கொழுப்பு.

அலை பெரிதாக இருக்குமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா, மழை வந்தால் டென்ட் தாங்குமா என்று இவரிடம் கேட்டேன். பதில் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். "ம்."

ஏப்ரல் 26, சனி

லாண்டரியில் வேலை முடிந்து திரும்பும்போது வாசலிலேயே தீய்ந்த வாடை. குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்து, உள்ளே உருளைக்கிழங்கு கரியாகிக் கிடந்தது. இவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேஜையில் டென்ட் விளக்கைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கும் சேர்ந்து அடைத்திருக்கிறது போல, சளி.

"விசில் வந்தா அணைச்சிடுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வரலையே!"

அவர் முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மாடி வீட்டு அம்மா இறங்கி வந்து, "எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே" என்றாள். "உங்களுக்குப் பாம்புக் காதும்மா" என்று இவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அவள் போனதும் நான் கத்தினேன். உடம்பு மட்டும்தான் வீட்டில் இருக்கிறது, மனசு எங்கே மேய்கிறது என்று கேட்டேன். "மெதுவா சொல்லக்கூடாதா? ஏன் கத்தற?" என்றார். மெதுவாகச் சொன்னபோதெல்லாம் எங்கே போயிருந்தாராம்?

ஏப்ரல் 27, ஞாயிறு

இவருக்குக் காது—

சே. அப்படியெல்லாம் எழுதக் கூடாது. வேன் ஓட்டுகிற மனுஷன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். இவர் பின்கட்டில் குந்தி உட்கார்ந்து டென்ட் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "ஏங்க, உங்க சட்டை பத்திக்கிட்டு எரியுது" என்றேன்.

"ம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் எதையும் கேட்டு 'ம்' சொல்வதில்லை. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று தெரிகிறது, என்னமோ சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறார், ஒரு 'ம்' போட்டு வைக்கிறார். எத்தனை நாளாக இந்த நாடகம்? நான் சம்மதம் என்று நினைத்த எத்தனை 'ம்' வெறும் சத்தம்?

வேனில் இருபது பிள்ளைகள். கடைசி சீட்டில் ஒன்று மூச்சு திணறிக் கூப்பிட்டால்? பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தால்? நாள் முழுக்க இதே நினைப்பு. கடையில் ஒரு கோட்டுக் காலரைப் பொசுக்கிவிட்டேன். கடைக்கார அக்கா திட்டவில்லை. இஸ்திரியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "வீட்டுல என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவருக்குக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் உடைந்துபோவார். விஷயம் முதலாளி காதுக்குப் போனால் சாவியை வாங்கி வைத்துவிடுவார். வேன் ஓட்டுவதைத் தவிர இவருக்கு வேறொன்றும் தெரியாது, வேறொன்றும் பிடிக்காது. லீவு முடியட்டும், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். முடிகிறவரை வேனில் வேறு பிள்ளைகள் இல்லையே.

மே 2, வெள்ளி — கடற்கரை

வந்து சேர்ந்தோம். வழி நெடுக நான் முன்சீட்டில் உட்கார்ந்து, ஹாரன் கேட்டபோதெல்லாம் இவர் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தேன். "என்ன, பயமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன்.

கடலைப் பார்த்ததும் இவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மணலில் முளை நிற்காது என்று பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, குழி தோண்டிப் புதைத்தார். பக்கத்து டென்ட்காரர்களுக்கும் போய்ச் சொல்லிக் கொடுத்தார். காற்று டென்ட் துணியைப் படபடவென்று அடிக்கிறது, அலை ஓயாமல் இரைகிறது. பக்கத்தில் நிற்கிறவரிடம் உப்பு கேட்கக்கூடக் கத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் கத்துகிறோம், எல்லோரும் "என்ன? என்ன?" என்கிறோம். இவரும் எங்களில் ஒருத்தர்.

அதனால்தான் கடலுக்கு வர ஆசைப்பட்டாரோ?

மே 3, சனி

இன்று நன்றாக இருந்தது. பெரியவள் இடுப்பளவு தண்ணீர் வரை போனாள், நான் கரையில் நின்று கத்தியே அவளை வெளியே இழுத்தேன். "உன் குரலுக்கு அலையே பயந்து பின்னால போகுதும்மா" என்றாள்.

வாண்டு கடலை இரண்டு தடவை பார்த்ததோடு சரி. அவளுக்கு வேன்தான் வேண்டும். டென்டுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நிறுத்தியிருக்கிறோம். கதவைச் சர்ரென்று தள்ளித் திறப்பதும், பொம்மைகளை சீட்டில் வரிசையாக உட்கார வைப்பதும், "ஏறு ஏறு, லேட்டாச்சு" என்று அப்பா மாதிரி அதட்டுவதுமாகப் பொழுது போகிறது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஓடும்போது பிள்ளைகள் யாரும் திறந்துவிடக் கூடாது என்று இவரே போட்ட பூட்டு. அதனால் கதவிடுக்கில் ஒரு செருப்பை வைத்துவிட்டுத்தான் விளையாட வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மட்டுக்கும் ஜாக்கிரதையான ஆள்தான்.

மே 4, ஞாயிறு

கிறுக்கலாக வந்தாலும் சரி, எழுதிவிட வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் நானும் பெரியவளும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனோம். முகாமின் அந்தக் கோடியில் இருக்கிறது குழாய். வாண்டு டென்ட் வாசலில் வாளியில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். இவர் கடலைப் பார்த்தபடி டென்ட் நிழலில் உட்கார்ந்து அறுந்த கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னாலிருந்தே, "வாண்டு இங்கதான் இருக்கா, பாத்துக்கோங்க. தண்ணிப் பக்கம் விடாதீங்க" என்றேன்.

"ம்."

எனக்குத் தெரியும். அந்த 'ம்' என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேனே! முன்னால் போய் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு எனக்கு?

குழாயில் கூட்டம். கழுவிக்கொண்டு திரும்பியபோது இவர் மட்டும் இருந்தார். வாளியும் இல்லை, அவளும் இல்லை.

"வாண்டு எங்கங்க?"

என் வாயையே பார்த்தார். "உன் கூடத்தானே வந்தா?"

பாத்திரம் எங்கே விழுந்தது என்று தெரியாது. தண்ணீரைப் பார்த்து ஓடினேன். ஈர மணலில் அவளுடைய சிவப்பு வாளி சாய்ந்து கிடந்தது, நுரை வந்து அதை உருட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எனக்குச் சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது. கடற்கரைக் காவலாளி விசில் ஊதினார். பக்கத்து டென்ட் ஆம்பிளைகள் கையைக் கோத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். இவர் சட்டையோடு அலைக்குள் போனார். வீட்டில் யாருமே கூப்பிடாத வாண்டுவின் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லி, கடலைப் பார்த்துக் கத்தினார். அந்தக் குரலை நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை.

காவலாளி போட்டோ கேட்டார். போன் வேனில் இருந்தது. ஓடினேன். வேனை நெருங்கும்போது ஒரு சத்தம் கேட்டது. தட். அப்புறம் கொஞ்சம் விட்டு, மறுபடியும் தட்.

கதவைத் தள்ளித் திறந்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி அனல். மணல் வருகிறதென்று எல்லா ஜன்னலையும் காலையில் இழுத்து மூடினவளும் நான்தான். வாண்டு ஜன்னலோரம் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி ஒட்ட நனைந்து, முகம் செக்கச்செவேலென்று, கையில் ஒரு பொம்மையின் கால். அதை வைத்துத்தான் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். குரலே வரவில்லை. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் டென்ட் வாசலும், அங்கே உட்கார்ந்திருப்பவர் முதுகும் தெரியும்.

தூக்கிக்கொண்டு வெளியே வந்து, "கெடச்சுட்டா, கெடச்சுட்டா" என்று அலறினேன். எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டினார்கள், சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். காவலாளி மறுபடி விசில் ஊதினார். தண்ணீரில் இருந்தவர்கள் கரையேறினார்கள். இவர் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தார். கடற்கரை முழுக்கச் சேர்ந்து கத்துகிறது, இவர் திரும்பவில்லை. கழுத்தளவு தண்ணீர். ஓர் அலை தலைக்கு மேல் போனது. பெரியவள் "அப்பா, அப்பா" என்று தண்ணீருக்குள் ஓடினாள். அவளைப் பிடிப்பதா, இடுப்பில் இருப்பவளை இறுக்குவதா? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். காவலாளியும் இன்னும் இரண்டு பேரும் பாய்ந்து போய் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். இவர் அவர்களை அடித்து உதறினார். கரையைக் கையால் காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

வெளியே வந்து மணலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார். "எத்தனை தடவை கூப்பிட்டோம், கேக்கலையா சார்?" என்றார் ஒருவர்.

வாண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, காற்றாக வந்த குரலில் என்னிடம் கேட்டாள். "நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். அப்பா திரும்பவே இல்ல. என் மேல கோவமா?"

செருப்பு வைக்க மறந்துவிட்டாளாம். வாளியை யார் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனது என்று தெரியவில்லை. காற்றாக இருக்கலாம்.

மே 5, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். வாண்டுவை டாக்டர் பார்த்தார். தொண்டைக்கு ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்றார். திரும்பும்போதும் இவர்தான் ஓட்டினார். பின்னால் வண்டி வருகிறதா என்று நான் பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 8, வியாழன்

கேட்டுவிட்டேன். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எப்பலேருந்து?"

ரொம்ப நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "வலது பக்கம் போயி ரொம்ப நாளாச்சு. இடது பக்கமும் இப்ப இப்பத்தான்..." என்றார்.

"மொதலாளிகிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிட்டு? வீட்டுல உக்காந்து ஈ ஓட்டவா?" எழுந்துவிட்டார். "நான் கண்ணாடியப் பாத்து ஓட்டறவன். இத்தனை வருஷத்துல வண்டியில ஒரு கீறல் காட்டு, பாப்போம்."

கீறல் இல்லைதான். அன்றைக்கும் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை.

மே 13, செவ்வாய்

கெஞ்சிக் கூத்தாடிக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஒரு சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். இவர் டக் டக்கென்று அழுத்தினார். எனக்கு அப்படியொரு நிம்மதி, நாமாகத்தான் பயந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

சோதிக்கிற பெண் நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய் இவருடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள். "என் கையப் பாத்து அழுத்தறாரும்மா" என்றாள் என்னிடம். கருவியைத் தொட அவள் கை அசைந்தபோதெல்லாம் இவர் அழுத்தியிருக்கிறார்.

மறுபடி ஆரம்பித்தாள். இவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் காத்துக்கொண்டே இருந்தது. அது அசையவே இல்லை.

மெஷின் வைத்தால் ஓரளவுக்குக் கேட்குமாம். வேன் ஓட்டுவதைப் பற்றிக் கேட்டேன். "பிள்ளைங்கள வச்சா? வேண்டாம்" என்றார் டாக்டர். நேராக இவர் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். இவர் "ம்" என்றார்.

மே 20, செவ்வாய்

அப்பாவுக்குக் கோபம் இல்லை, காதுதான் சரியில்லை என்று வாண்டுவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். நேராக இவரிடம் போய், மோவாயை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "நான் உள்ள இருந்து கூப்பிட்டேன்ப்பா" என்றாள்.

இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார். எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

மே 27, செவ்வாய்

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இவர் வேனுக்குப் புது சீட் உறை மாட்டிக்கொண்டிருக்கிறார். மெஷினுக்கு அளவு எடுத்தாகிவிட்டது, வர நாளாகும். முதலாளியிடம் இன்னும் மூச்சு விடவில்லை.

"நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்" என்கிறாள் பெரியவள். முதலாளி நம்பரைப் போட்டேன், மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். கட்டின புருஷனைக் காட்டிக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால்? தெருவில் சீருடைக்கு அளவு கொடுக்கப் போகும் பிள்ளைகளைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். இந்தச் சின்னப் பையன்தான் கடைசி சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவன். அந்தப் பெண்ணுக்கு வீஸிங் உண்டு.

ஜூன் 1, ஞாயிறு

காக்கிச் சட்டையை என்னிடம் தரவில்லை. தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

ஜூன் 2, திங்கள்

காலையில் வழக்கம் போலக் குளித்து, சட்டை போட்டு, வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். எப்போதும் முதலில் ஏறுவது வாண்டுதான். அவளை ஏற்றிக்கொண்டுதான் மற்ற வீடுகளுக்குப் போவார்.

"வாண்டு ரெடியா? ஏறச் சொல்லு" என்றார்.

அவள் ஓடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். முன்கூட்டி எதையும் யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை. இவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். "அவள நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேங்க."

கேட்டிருக்காது. ஆனால் என் வாயைப் படித்துவிட்டார். அப்புறம் என் கையைப் பார்த்தார். நான் அவள் மணிக்கட்டை எப்படி இறுக்கிப் பிடித்திருந்தேனோ, அவளே "வலிக்குதும்மா" என்றாள். இவர் கதவைச் சாத்திவிட்டு, காலி வேனை எடுத்துக்கொண்டு போனார்.

வாண்டுவைப் பள்ளியில் விட்டேன். கடைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றேன், உள்ளே போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். போன் அடித்தால் எடுக்கக்கூடக் கை வராது என்று தோன்றியது. எந்த வளைவில் இருக்கிறாரோ, எந்தப் பிள்ளை என்ன கத்துகிறதோ. தப்பு செய்துவிட்டேன், சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும், வேனுக்கு முன்னால் படுத்திருக்க வேண்டும்.

தெருமுனையில் இவர் வந்தார். நடந்து வந்தார். கக்கத்தில் டிரைவர் சீட்டில் போட்டு உட்காருகிற சின்னத் தலையணை. வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது. அதைப் பார்த்ததும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

தலையணையை மேஜை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "ஒரு வீட்டுக்கும் போகல. நேரா மொதலாளிகிட்ட போயிட்டேன்" என்றார். "வேற ஆள் ட்ரிப் எடுக்குறான். ஷெட்டுல எனக்கு ஏதாவது வேலை பாக்கறேன்னு சொல்லியிருக்காரு." தண்ணீர் குடித்தார். "நீயே உன் பிள்ளைய ஏத்தலையே. மத்தவங்க எத நம்பி ஏத்துவாங்க?"

நான் என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கே நான் சொன்னது விளங்கவில்லை.

சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். "வாண்டுவ நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா? நடந்துதான்."

பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. நடுவில் பெரிய ரோடு, பஸ், பைக், எல்லாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

அவர் திரும்பி வரும்வரை வாசலில்தான் நின்றேன். கடைசியில் இரண்டு பேரும் தெருவுக்குள் திரும்பினார்கள். பையை அவர் தோளில் மாட்டியிருந்தார். வாண்டு ஏதோ பேசிக்கொண்டே, ரெண்டடிக்கு ஒரு தடவை அவர் முன்னால் ஓடி முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி பக்கத்துக்கு வந்தாள். பின்னால் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. என் வாய்வரை வந்துவிட்ட சத்தத்தை நான் வெளியே விடவில்லை. வாண்டு அவர் கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்து நிறுத்தினாள். பைக் போகும்வரை நின்றார்கள். அப்புறம் நடந்தார்கள்.

அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே வந்துவிட்டேன்.